வெளியே வந்ததும் முதலில் ஒரு நம்பர்: சிறையிலிருந்து திரும்புபவர்களுக்கான செல்போன், ஆதார், வங்கி வழிகாட்டி

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் உள்ள என் இ-சேவை மையத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒருவர் அண்ணன் மகனோடு வந்தார். முந்தின நாள்தான் பாளையங்கோட்டை மத்திய சிறையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். கையில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நான்காக மடித்து ஓரம் கிழிந்த ஆதார் நகல். பேங்கில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு முன்னால் ஆதாரைப் புதிதாக இறக்கலாம் என்று எண்ணை அடித்தேன். ஓடிபி போயிருக்கிறது என்று திரையில் வந்தது, நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தோடு.

"அது என் நம்பர்தான் தம்பி" என்று பத்து இலக்கத்தையும் திக்காமல் சொன்னார். என் போனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு சின்னப் பிள்ளை எடுத்தது. "அம்மா குளிக்கா, அப்பறம் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டது.

அவருடைய ஆதார், பேங்க், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றின் ஓடிபியும் எந்த ஊர் என்றே தெரியாத அந்த வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரும் திருடவில்லை. ப்ரீபெய்டு சிம்மைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாமல், அதில் 20 ரூபாய்கூட இருப்பு இல்லாமல் விட்டால் கம்பெனி இணைப்பைத் துண்டித்துவிடும். அதன்பின் சில மாதம் கழித்து அதே நம்பரை வேறு ஒருவருக்கு விற்றுவிடும். விசாரணைக் கைதியாக ஐந்தாறு மாதம் நாகர்கோவில் சிறையில் இருந்துவிட்டு வருபவருக்கே இது நடக்கும். ஏழெட்டு வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அன்றிலிருந்து உள்ளேயிருந்து வருபவர் யாராக இருந்தாலும் நான் ஒரே வரிசையில்தான் வேலையை ஆரம்பிக்கிறேன். முதலில் நம்பர், அப்புறம் ஆதார், அப்புறம் வங்கி, கடைசியில்தான் டச் போன். பெரும்பாலான வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்த அன்றே மருமகன் ஒரு டச் போனை வாங்கிக் கொடுத்துவிடுகிறார். போன் கையில் இருக்கும், ஆனால் அதில் வாட்ஸப் தவிர எதுவும் வேலை செய்யாது.

உள்ளே இருக்கும்போதே வீட்டார் செய்ய வேண்டியது

இதைப் படிப்பவர் இன்னும் உள்ளே இருப்பவரின் அண்ணனோ மனைவியோ என்றால் முதல் வேலை உங்களுக்குத்தான். அவருடைய சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு, குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்து, மாதம் ஒரு முறையாவது யாருக்காவது அதிலிருந்து கூப்பிடுங்கள். சிம் வழக்குச் சொத்தாகப் போனோடு போலீஸில் இருந்தால் வக்கீலிடம் சொல்லுங்கள், போனைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் மனுப் போட வழியிருக்கிறது.

பாஸ்புக், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் நான்கையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். வீடு மாறியபோது பரணில் ஏறிய பெட்டி எது என்று அவர் வந்தபிறகு தேடுவது பெரிய பாடு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிறையில் இருப்பவரும் வங்கியில் சிறு கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதியே இடம் கொடுக்கிறது. சிறை அதிகாரி முன்னால் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைத்து, அவர் அதற்குச் சான்று கொடுத்தால் போதும். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, மாதம் பத்தாயிரத்துக்கு மேல் எடுக்க முடியாது, எந்த நேரத்திலும் இருப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே வேலை பார்த்த கூலியைப் போட்டு வைக்க அது தாராளம்.

நம்பர்

பழைய நம்பர் இன்னும் அவர் பெயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடித்துப் பார்த்து வேறு யாரோ எடுத்தால் அந்தக் கதை முடிந்தது, அவர்களிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்று வந்தால் சின்ன வாய்ப்பு உண்டு. அடையாளச் சான்றோடு அந்தக் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்கே போய்க் கேளுங்கள், பெட்டிக்கடைக்குப் போக வேண்டாம். இணைப்பு உயிரோடு இருந்தால் டூப்ளிகேட் சிம் கிடைக்கும். புது சிம் வேலை செய்ய ஆரம்பித்தபின் ஒரு நாள் முழுக்க எஸ்எம்எஸ் வராது. அது பாதுகாப்புக்காக வைத்த தடை, சிம் கெட்டுவிட்டது என்று திரும்ப ஓட வேண்டாம்.

புது நம்பர்தான் என்றால் சொந்தப் பெயரில், சொந்தக் கைரேகையில் எடுக்க வேண்டும். "இப்போதைக்கு என் பேர்ல ஒண்ணு எடுத்துத் தாறேன் மாமா" என்று மருமகன் சொல்வார். நல்ல மனசுதான். ஆனால் ஆறு மாதம் கழித்து வீட்டில் ஒரு மனஸ்தாபம் வந்தால் நம்பரும் போய்விடும், அதோடு கட்டிய எல்லாமும் போய்விடும்.

கேரள எல்லையோரத்தில் களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் எந்தக் கம்பெனி சிக்னல் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு சிம் வாங்குங்கள். பட்டன் போன்தான் வைத்துக்கொள்ளப் போகிறார் என்றால், 2ஜி மட்டும் எடுக்கும் பழைய போனில் ஜியோ சிம் வேலை செய்யாது.

சிம் வேலை செய்ய ஆரம்பித்ததும் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த நம்பரைப் போட்டு, அவர் பெயரில் மொத்தம் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள். ஒருவர் பெயரில் 9 வரை அனுமதி. அவர் உள்ளே இருந்த காலத்தில் யாராவது அவர் ஆதாரைக் காட்டி எடுத்த சிம் தென்பட்டால் அங்கேயே "இது என்னுடையது அல்ல" என்று பதிவு செய்யலாம். ஒரு சிம்மால் புது வழக்கு வரும் காலம் இது, இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

புது நம்பர் என்று சொன்னாலும் அதுவும் யாரோ விட்டுப்போன பழைய நம்பராக இருக்கலாம். முதல் வாரத்திலேயே யாரோ பெயர் சொல்லி லோன் கட்டச் சொல்லி அழைப்பு வரும். "அந்த ஆள் நான் இல்லை, நம்பர் இப்போ என்கிட்ட" என்று ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடலாம். வெளியே வந்த புதிதில் இப்படி ஒரு அழைப்பு வந்தால் மனுஷன் வெலவெலத்துப் போகிறார். முன்கூட்டியே சொல்லி வைத்தால் நல்லது.

ஆதார்: ரேகை விழாதவர்களின் மாவட்டம்

ஆதாரில் நம்பர் மாற்ற எந்தச் சான்றும் தேவையில்லை. ஆள் நேரில் வந்து விரல் வைத்தால் போதும், கட்டணம் நூறு ரூபாய்க்குள். தாலுகா அலுவலகங்களில் நிரந்தர ஆதார் மையம் இருக்கிறது. கல்குளம் தாலுகா என்றால் தக்கலை, விளவங்கோடு என்றால் குழித்துறை, தோவாளை என்றால் பூதப்பாண்டி. சில தபால் நிலையங்களிலும் செய்கிறார்கள். நடக்க முடியாதவர் என்றால் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள், 2021 முதல் வீட்டுக்கே வந்து நம்பர் மாற்றும் வசதி இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாக உண்டு.

காகிதத்தில் இவ்வளவுதான். நம் மாவட்டத்தில் சிக்கல் விரலில் இருக்கிறது.

நான் முதலில் சொன்ன, பாளையங்கோட்டையிலிருந்து வந்த அந்த அண்ணன் உள்ளே போகும் முன் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். மையத்தில் விரலை வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. வலது கை முடிந்து இடது கைக்கு வந்து, பதினோரு தடவைக்குப் பிறகும் ரேகை விழவில்லை. பெருவிரலைத் திருப்பிப் பார்த்தேன். கோடுகளே இல்லை, தேய்ந்த சோப்புப் போல வழவழவென்று இருந்தது. பால்வெட்டுக் கத்தி பிடித்த கை, கடலில் கயிறு இழுத்த குளச்சல் முட்டம் ஆட்களின் கை, அண்டி ஆபீஸில் (முந்திரிக்கொட்டை ஆலையில்) கொட்டையின் தோட்டு எண்ணெயில் வெந்த பெண்களின் விரல், எல்லாம் இப்படித்தான். இதில் அந்த அண்ணனுக்குத் தோன்றியது வேறு. "என் ரேகையை அவுங்க எடுத்து வச்சிருக்காவோ, அதான் இங்க விழல, இல்லியா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். போலீஸ் எடுத்து வைத்த ரேகைக்கும் இந்த மெஷினுக்கும் தொடர்பே இல்லை என்று சொன்னேன். சிரித்தார், முழுசாக நம்பினாரா என்று தெரியவில்லை.

ரேகை விழாவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துளி தேங்காயெண்ணெய் தடவி, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் வேலையில் அதிகம் தேயாது, பெரும்பாலும் அவை விழும். அப்படியும் இல்லை என்றால் கண்ணின் கருவிழி வழியாகச் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஆதார் மையத்தில் அந்தக் கருவி இருக்கும், கேட்டால்தான் எடுப்பார்கள். கண்ணும் ஒத்துவராவிட்டால் பயோமெட்ரிக்கைப் புதிதாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள். அந்த அண்ணனுக்குக் கண்ணில் முதல் தடவையே பச்சை விழுந்தது.

ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். அதில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் மாற்றம் முடிந்ததா என்று பார்க்க முடியும். பெரும்பாலும் சில நாளில் முடியும், சில சமயம் ஒரு மாதம் இழுக்கும். ஆதார் எண்ணே மறந்துவிட்டால் மையத்தில் பெயரும் ரேகையும் வைத்துத் தேடித் தருவார்கள். சந்தேகம் எதுவானாலும் 1947க்குத் தமிழிலேயே பேசலாம்.

ஆதார் வரும் முன்பே உள்ளே போய், இதுவரை எடுக்கவே இல்லை என்பவர்களும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு மேல் முதன்முறை பதிவதானால் கூடுதல் சரிபார்ப்பு உண்டு, ஆறு மாதம் வரை ஆகலாம். அதுவரை வாக்காளர் அட்டையை வைத்து சிம்மும் வங்கிக் கணக்கும் கேட்கலாம்.

வங்கி

இரண்டு வருஷம் நீங்கள் போடவும் எடுக்கவும் இல்லை என்றால் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். பத்து வருஷம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். போய்விடும் என்றால் தொலைந்துபோனது என்று அர்த்தமில்லை, எத்தனை வருஷம் ஆனாலும் உங்கள் வங்கி வழியாகத் திரும்பக் கேட்கலாம். எந்த வங்கியில் என்பதே மறந்திருந்தால் உத்கம் என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம்.

நம் மாவட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி, "எஸ்பிடி பாஸ்புக் வச்சிருக்கேன், அந்த பேங்கே காணோமே?" பழைய திருவிதாங்கூர் பூமி என்பதால் ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் இங்கே ஊருக்கு ஊர் இருந்தது. 2017 ஏப்ரல் 1இல் அது எஸ்பிஐயோடு சேர்ந்துவிட்டது. அந்தப் பாஸ்புக்கை எஸ்பிஐ கிளையில் காட்டினால் போதும். அதுபோல சிண்டிகேட் வங்கி இப்போது கனரா வங்கி, கார்ப்பரேஷன் வங்கி இப்போது யூனியன் வங்கி, விஜயா வங்கி இப்போது பேங்க் ஆஃப் பரோடா.

கணக்கை உயிர்ப்பிக்க அடையாளச் சான்று, புகைப்படம், பழைய பாஸ்புக், புது நம்பர் எழுதிய ஒரு கடிதம் கொண்டு போங்கள். உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது. செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதமும் போடக் கூடாது, 2024 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு அது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அண்ணனை ஒரு கிளையில் மூன்று முறை அலைக்கழித்தார்கள். மூன்றாவது முறை கவுண்டரில் இருந்தவர் எல்லோர் காதிலும் விழும்படி "இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டாராம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. "வெளியூரில் இருந்தேன்" என்றால் போதும். வேலை நடக்கவில்லை என்றால் மேலாளரிடம் எழுதிக் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், எண் 14448. பெரும்பாலும் முத்திரை கேட்கும்போதே வேலை முடிந்துவிடும்.

வழக்கின் காரணமாகக் கணக்கை முடக்கியிருந்தால் அது வேறு விஷயம். வங்கியில் வாதாடிப் பயனில்லை, வக்கீலிடம் போங்கள்.

போன் வாங்குவது

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் சிறையிலிருந்து வந்தவர்கள் வாங்கும்போது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஜாக்கிரதை வேண்டும். திருட்டுப் போன் கையில் இருந்தால் மற்றவரிடம் "எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்கும் ஸ்டேஷன் இவர்களிடம் வேறு மாதிரி கேட்கும். கடையில் நின்றபடியே \*#06# அடித்தால் பதினைந்து இலக்க எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும், ஓர் இடைவெளியும், அந்த எண்ணும் தட்டி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடை செய்த போனா, போலியா என்று பதில் வரும். பில்லில் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள். பில் தரமாட்டேன் என்றால் போனும் வேண்டாம்.

வாங்கியதும் மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தைப் பெரிதாக்குங்கள். படிக்கக் கஷ்டம் உள்ளவருக்குக் கீபோர்டில் இருக்கும் மைக்கைக் காட்டிக் கொடுங்கள். பேசினால் தமிழில் எழுதிக்கொள்ளும். நம் ஊர்ப் பேச்சை அது சில சமயம் விபரீதமாக எழுதும், அதைப் பார்த்துச் சிரித்தே பாதிப் பயம் போய்விடுகிறது.

வாட்ஸப்பை 120 நாள் திறக்காவிட்டால் கணக்கு அழிந்துவிடும், அதனால் பழையதைத் தேட வேண்டாம். புதிதாகப் போட்டதும் இரண்டடுக்குச் சரிபார்ப்பில் ஆறு இலக்க ரகசிய எண் (பின்) ஒன்று வையுங்கள். ஜிமெயிலும் புதிதாகவே தொடங்கலாம். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைப்பதை நான் ஆதரிக்கிறேன். மறந்துபோய் முதலிலிருந்து ஆரம்பிப்பதற்கு அது மேல்.

பணம் அனுப்பப் பழகுதல்

போனிலிருந்தே வங்கிப் பணத்தை அனுப்பும் யுபிஐ 2016இல் வந்தது. அதற்கு முன் உள்ளே போனவருக்குச் சாயாக்கடையில் எல்லோரும் போனைக் காட்டிவிட்டுப் போவது மாயவித்தை மாதிரி இருக்கும். செயலியைப் பதிவு செய்ய வங்கியில் கொடுத்த அதே சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும், ஒரு எஸ்எம்எஸ் போகும் அளவுக்கு இருப்பும் வேண்டும். இருப்பு இல்லாமல் "ஆகலை, ஆகலை" என்று அரை நாள் போராடியவர்கள் உண்டு. டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமோ ஆதார் ஓடிபியோ கொடுத்து, பணம் அனுப்பும்போது அடிக்கும் பின் நம்பரை அமைக்கலாம். முதல் 24 மணி நேரம் ஐயாயிரம் ரூபாய்தான் வரம்பு.

பழக்குபவர் நீங்கள் என்றால் போனைக் கையில் வாங்காதீர்கள். இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அவர் விரல், அவர் கண். நீங்கள் பக்கத்தில் நின்று வாயால் மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் ஒரே ஒரு ரூபாய், வீட்டில் ஒருவருக்கு. மறுநாள் சாயாக்கடையில் ஸ்கேன். அந்த அண்ணன் என் மையத்தில் அறுபது ரூபாய் அனுப்பியபோது ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சத்தமாகச் சொன்னதும், பின்னால் யார் பேசுவது என்று திரும்பிப் பார்த்தார். அப்புறம் இன்னொரு முறை அனுப்பட்டுமா என்று கேட்டார்.

பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, பின் நம்பர் கேட்டால் உங்கள் பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். பட்டன் போன்காரர்களுக்கு \*99# இருக்கிறது, இணையம் வேண்டாம்.

ஜாமீனில் இருப்பவர்களுக்கு

இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலி இலவசம். வழக்கின் பதினாறு எழுத்து சிஎன்ஆர் எண்ணை வக்கீலிடம் வாங்கிப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று தெரியும். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை எந்த நீதிமன்றமானாலும் சரி. வாய்தா தெரியாமல் ஆஜராகாமல் போய்ப் பிடிவாரண்டு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். மேல்முறையீடு மதுரைக் கிளையில் இருந்தால் அதையும் உயர் நீதிமன்றப் பிரிவில் பார்க்கலாம்.

சாட்சிகளைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற கண்டிஷன் வாட்ஸப்புக்கும் பொருந்தும். ஊர்க் குரூப்பில் யாரோ உங்களைச் சேர்த்துவிடுவார்கள், அதில் சாட்சியும் இருப்பார், நீங்கள் ஒரு கும்பிடு படம் போடுவீர்கள். அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுத்தால் ஜாமீன் ரத்துக்கு மனு வரும். குரூப்பில் யார் சேர்க்கலாம் என்ற அமைப்பை "என் தொடர்புகள்" என்று மாற்றி வையுங்கள். பேஸ்புக்கில் வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இன்னொன்று: ஜாமீனில் இருப்பவர் கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் போலீசுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஏமாற்று

"டிஜிட்டல் அரெஸ்ட்" மோசடியில் படித்தவர்களே லட்சக்கணக்கில் இழந்திருக்கிறார்கள். காக்கிச் சட்டை போட்டு வீடியோ காலில் வந்து "உன் மேல் இன்னொரு கேஸ் இருக்கு" என்றால், ஏற்கெனவே ஒரு முறை உள்ளே போய் வந்தவர் நம்பாமல் என்ன செய்வார்? வீடியோ காலில் கைது செய்வது என்று நம் சட்டத்தில் எதுவுமே இல்லை. போனை வைத்துவிட்டு, கையெழுத்துப் போடும் ஸ்டேஷனுக்கோ வக்கீலுக்கோ நேரில் போங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930.

இதைவிட ஆபத்து வேறு ஒன்று. "உன் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் ஒரு மாசம் கொடு, ஐயாயிரம் தாறேன்" என்று பழைய சகவாசத்திலேயே யாராவது வருவார்கள். கையில் காசில்லாத நேரம் பார்த்து வருவார்கள். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் ஏறி இறங்கும், போலீஸ் தேடி வரும்போது கணக்குக்காரர்தான் முதல் ஆள். தன் பெயரில் சிம் எடுத்துக் கொடுப்பதும் இதே கதைதான்.

மற்றவை

ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்டிஓ. விண்ணப்பம் பரிவாகன் தளத்தில்.

2025 கடைசியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் வீட்டில் இல்லாதவர்கள் பெயர் விடுபட்டிருக்கலாம். 1950க்கு அடித்துக் கேட்டுவிட்டு, இல்லை என்றால் படிவம் 6 கொடுங்கள். ரேஷன் கடையிலும் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அங்கேயும் ரேகைதான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளேயிருந்து வரும் பெண்ணுக்கு வீட்டில் தனிப் போன் எதற்கு என்று கேட்கிறார்கள். அம்மாவின் பேங்க் மகன் நம்பரில், ஆதார் தம்பி நம்பரில் என்று இருந்தால் எந்தப் பணம் வந்தாலும் இரண்டு பேர் கை தாண்டித்தான் அவர் கைக்கு வரும். சிம் அவர் பெயரிலேயே இருக்கட்டும், பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை.

இவ்வளவும் செய்ய வக்கீல் செலவு தேவையில்லை. எங்காவது கதவு அடைத்தால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம், போனில் என்றால் 15100. சிறைத்துறையின் நன்னடத்தை அலுவலரிடமும் போகலாம். போகும்போது விடுதலைச் சான்றின் ஜெராக்ஸ் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.